ஸ்லோடைவ், ரெண்டாவது தடவை

நேத்து நைட்டு ஸ்லோடைவ் ஷோவுக்குப் போயிட்டு வந்தேன், ரெண்டாவது தடவை. இன்னைக்கு முழுக்க ஒரு வேலையும் ஓடல, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். "ஏற்கனவே பாத்த பேண்டுதானே, அதே பாட்டைத்தானே வாசிக்கப் போறாங்க, மறுபடி எதுக்கு"ன்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. அப்போ சரியா பதில் சொல்லத் தெரியல. இப்போ தெரியுது. முதல் தடவை போறது அவங்க நிஜமாவே இருக்காங்கன்னு நம்புறதுக்கு. பாட்டைக் கேக்கணும்னா ரெண்டாவது தடவை போயே ஆகணும்.

தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடறேன். இங்கிலாந்துல ரெடிங்ங்கிற ஊர்ல 1989ல ஆரம்பிச்ச பேண்ட் இது. நீல் ஹால்ஸ்டெட், ரேச்சல் காஸ்வெல் ரெண்டு பேரும் சின்ன வயசுலேருந்தே பழக்கம், பாடறதும் அவங்கதான். இந்த மாதிரி மியூசிக்குக்கு 'ஷூகேஸ்' (shoegaze)னு பேரு. காலடியில வரிசையா இருக்கற, கிடார் சத்தத்தை மாத்தற எஃபெக்ட் பெடலை மிதிக்கறதுக்காகக் குனிஞ்சபடியே கிடார் வாசிப்பாங்க, அதனால ஷூவையே பாத்துட்டு நிக்கறவங்கன்னு பத்திரிகைக்காரங்க கேலியா வெச்ச பேரு அப்படியே நின்னுடுச்சு. 1991ல முதல் ஆல்பம், 1993ல ரெண்டாவது. அந்த ரெண்டாவது ஆல்பத்தை இன்னைக்குக் கொண்டாடறாங்க, ஆனா வந்தப்போ இங்கிலாந்து மியூசிக் பத்திரிகைங்க சிலது போட்டு மிதிச்சுதுங்க. அதுக்குள்ள ஒயாசிஸ், ப்ளர் மாதிரி பேண்டுங்களோட பிரிட்பாப் அலை வேற வந்துடுச்சு. 1995 பிப்ரவரியில மூணாவது ஆல்பம் வந்துச்சு, ஒரு வாரத்துல ரெக்கார்டு கம்பெனி இவங்களைக் கைகழுவிடுச்சு. அதோட பேண்ட் முடிஞ்சுது. இருபது வயசு ஆகறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்ச பசங்களுக்கு இருபத்தஞ்சைத் தொடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போனா எப்படி இருந்திருக்கும்னு நான் நிறைய தடவை நெனச்சிருக்கேன்.

2014ல திரும்பி வந்தாங்க. 2017ல, அதாவது 22 வருஷம் கழிச்சு, ஒரு புது ஆல்பம். 2023ல இன்னொண்ணு.

முதல் தடவை போனப்போ நான் மூணு மணி நேரம் முன்னாடியே போய் வரிசையில நின்னு ஸ்டேஜுக்கு நேர் முன்னாடி, கம்பித் தடுப்பைப் புடிச்சுட்டு நின்னேன். பத்தடி தூரத்துல அவங்க. ஆனா பாட்டு சரியாவே கேக்கல, டிரம்ஸும், கிடார் சத்தத்தைப் பெருசாக்கற ஆம்ப்பும் மட்டும் நேரா மூஞ்சியில வந்து அடிக்குது, ரேச்சல் வாய் அசையறது தெரியுது குரல் வரல. லைவ்ல இவங்க பாடறது எடுபடலன்னுதான் ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன். தப்பு அவங்க மேல இல்ல, நான் நின்ன இடம் அப்படி. குரல் வர்றது ரெண்டு பக்கமும் தொங்கற பெரிய ஸ்பீக்கர்லேருந்து, அது கூட்டத்தைப் பாத்து வெளிப்பக்கமா அடிக்கும், நடுவுல ஸ்டேஜை ஒட்டி நிக்கறவனுக்கு அது தலைக்கு மேல போயிடும். அப்புறம் பாதி நேரம் ஃபோனைத் தூக்கிப் புடிச்சுட்டு வேற இருந்தேன். அந்த வீடியோல ஒண்ணைக்கூட இன்னைக்கு வரைக்கும் நான் திருப்பிப் போட்டுப் பாத்ததில்ல.

நேத்து நேரா போய் சவுண்ட் இன்ஜினியர் மிக்ஸர் போட்டிருந்த இடத்துக்கு முன்னாடி நின்னேன். அவர் காதுக்கு எது சரியா இருக்கோ அதுக்குத்தான் எல்லாத்தையும் ஏத்தி இறக்கி வைக்கறார், அப்போ அவர் பக்கத்துல நிக்கறதுதானே நியாயம்? முதல் பாட்டு கொஞ்சம் கலங்கலாத்தான் இருந்துச்சு, காலி ஹால்ல செக் பண்ணி வெச்சது ஆளுங்க ரொம்பினதும் மாறிடும், மனுஷ உடம்பும் துணியும் சத்தத்தைக் குடிச்சிடும். ரெண்டாவது பாட்டுல அவர் விரல் சத்தத்தை ஏத்தி இறக்கற ஒரே ஒரு ஃபேடரை ஒரு நூல் அளவு மேல தள்ளுச்சு, நான் பாத்துட்டே இருந்தேன். திடீர்னு ரேச்சல் குரல் கிடாருக்குப் பின்னாலேருந்து புகைக்குள்ள வெளிச்சம் மாதிரி வந்து நின்னுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இந்த மியூசிக்ல குரலை வேணும்னேதான் அடக்கி வைப்பாங்க, அதுவும் ஒரு வாத்தியம் மாதிரி. அடக்கி வைக்கறதுன்னா கேக்காம பண்றது இல்லன்னு எனக்கு அந்த ஒரு நூல்லதான் புரிஞ்சுது.

நடுவுல 2023 ஆல்பத்துலேருந்து ஒரு பாட்டு ஆரம்பிச்சாங்க. எனக்குப் பின்னாடி ஒருத்தர் "பழசைப் போடுங்க"ன்னு கத்தினார். எனக்கு உண்மையிலேயே கோவம் வந்துச்சு. பழைய பாட்டு எனக்கும் உசுருதான். ஆனா அந்த ஆல்பம் 2020ல காலமான ரேச்சலோட அம்மாவுக்கும் டிரம்மர் சைமன் ஸ்காட்டோட அப்பாவுக்கும் சமர்ப்பணம் பண்ணது. பெத்தவங்களைப் பறிகொடுத்தவங்க அதுக்கப்புறம் போட்ட பாட்டை நம்ம முன்னாடி நின்னு வாசிக்கறாங்க, அதை நிறுத்திட்டு இருபது வயசுல எழுதினதைப் போடுன்னு கேக்க நமக்கு என்ன உரிமை இருக்கு? அதைவிட, அந்தப் பழைய பாட்டே இப்போ பழைய மாதிரி இல்லங்க. நீல் குரல் இறங்கியிருக்கு. ரெக்கார்டுல ஏங்கற மாதிரி கேக்கற வரி நேத்து, நடந்து முடிஞ்சதை ஒருத்தர் நிதானமா சொல்ற மாதிரி இருந்துச்சு. எனக்கு இதுதான் புடிச்சிருக்கு. என் வயசும் மாறியிருக்குல்ல.

பக்கத்துல ஒரு அப்பாவும் பொண்ணும். பொண்ணுக்குப் பதினாலு பதினஞ்சு இருக்கும், காதுல சத்தத்தைக் குறைக்கற பெரிய மஃப் மாட்டியிருந்தா. தயவுசெஞ்சு எல்லாரும் இயர்ப்ளக் போட்டுட்டுப் போங்க, 100 டெசிபல்ல பாதுகாப்பா இருக்கறதே 15 நிமிஷம்தான்னு அமெரிக்காவோட நியோஷ்ங்கற வேலையிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்போட கணக்கு, இவங்க ஒண்ணரை மணி நேரம் வாசிக்கறாங்க. காது போனா திரும்ப வராது. எல்லா சத்தத்தையும் ஒரே அளவா குறைக்கற மாதிரி மியூசிக்குக்குன்னே ப்ளக் இருக்கு, நான் போட்டது அதுதான், எதுவும் மங்கல.

கடைசி பாட்டு. கிடார் அலை அலையா ஏறிட்டே போய் ஹால் மொத்தமும் அதிருது, நெஞ்செலும்புல கை வெச்சா டிரம்ஸ் உள்ள தட்டறது தெரியுது. அந்தப் பொண்ணு கண்ணை மூடிட்டு அப்பா கையைப் புடிச்சுட்டு நின்னா. அப்புறம் ஒருத்தர் ஒருத்தரா கையசைச்சுட்டு உள்ள போயிட்டாங்க, ஆனா வாசிச்சதையே திரும்பத் திரும்ப ஒலிக்க வைக்கற டிலே பெடல்ல மாட்டின அந்த சத்தம் மட்டும் ஆளே இல்லாத ஸ்டேஜ்ல சுத்திட்டே இருந்துச்சு. யாரும் நகரல. கறுப்பு டீ சர்ட் போட்ட ஒருத்தர் வந்து ஆம்ப் ஒவ்வொண்ணா அணைச்சார், கடைசி ஆம்ப்போட சிவப்பு லைட் அணையற வரைக்கும் நாங்க எல்லாரும் அங்கேயே நின்னுட்டு இருந்தோம்.