அமுக்கவில்லை ஐயா, அவர்களேதான் சொன்னார்கள்

மறுபடியும் "ஒளியை முந்திய நியூட்ரினோ, மறைக்கப்பட்ட உண்மை" என்று ஒரு பதிவு. நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒளியைவிட வேகமாகப் போனதை விஞ்ஞானிகள் அமுக்கிவிட்டார்களாம். யார் பதிவு என்று நேற்றைய சண்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மறைக்கவில்லை. 2011 செப்டம்பரில் ஓபரா என்ற நியூட்ரினோ ஆய்வுக் குழுவே ஊரைக் கூட்டிச் சொன்னது. ஜெனிவா அருகே உள்ள செர்ன் துகள் ஆய்வுக்கூடத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் உள்ள ஓபரா கருவிவரை 730 கி.மீ. ஒளிக்கு 2.4 மில்லிநொடி ஆகும். செர்ன் அனுப்பிய நியூட்ரினோ 60 நானோநொடி (நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு) முந்தி வந்ததாகக் கணக்கு காட்டியது. தப்பு எங்கே, நீங்களும் தேடுங்கள் என்றார்கள்.

கிடைத்தது. வெளியிலிருந்து ஜிபிஎஸ் நேரத்தை மலைக்குள் கொண்டுபோக 8 கி.மீ.க்கு மேல் ஒளியைக் கடத்தும் ஃபைபர் இழை. அதன் கனெக்டர் முழுசாகச் செருகப்படவில்லை.

"லூஸ் கனெக்ஷன்னா சிக்னலே வராதே?" நேற்று வந்ததில் உருப்படியான கேள்வி இது ஒன்றுதான். சிக்னல் வந்தது, மங்கலாக. ஒளி குறைந்தால் அதை மின்சாரமாக மாற்றும் போட்டோடயோடில் மின்துடிப்பு மெதுவாக ஏறும். சிக்னல் வந்ததாகக் கருவி எடுத்துக்கொள்ளும் வரம்பைத் தொட 70 நானோநொடிக்கு மேல் கூடுதலாகப் பிடித்தது. கீழே கடிகாரம் பிந்தினால், வந்து சேர்ந்த நியூட்ரினோவுக்கு முந்தைய நேரம்தானே பதிவாகும்? கடிகாரத்துக்குத் துடிப்பு தரும் ஆசிலேட்டரில் எதிர்ப்பக்கமாக இன்னொரு சின்னப் பிழை. இரண்டும் கழிந்து மிஞ்சியதுதான் உங்கள் புரட்சி.

"ஒயர் மேல பழி போட்டு அமுக்கிட்டாங்க." அப்படியானால் பக்கத்தில் இருந்த எல்விடி என்ற வேறொரு நியூட்ரினோ கருவியும் சதியில் கூட்டா? மலைக்குள் கிடைமட்டமாக வரும் மியூவான்கள் (எலக்ட்ரான் மாதிரியே, கனம் கூடிய துகள்கள்) இரண்டு கருவிகளையும் கடந்து போகும். பழைய பதிவுகளை ஒப்பிட்டார்கள்: 2008 முதல் 2011 முடியும்வரை ஓபராவின் நேரம் சுமார் 73 நானோநொடி விலகியிருந்தது. அதே மலைக்குள் இக்காரஸ் என்ற இன்னொரு நியூட்ரினோ கருவியும் தனியாக அளந்தது. ஒளிவேகம்தான்.

1987-இல் தெரிந்த சூப்பர்நோவாவை, அதாவது விண்மீன் வெடிப்பைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், தெரியும். அங்கே நியூட்ரினோ சில மணி நேரம் முன்னால் வந்தது, விண்மீனின் மேலடுக்கைத் தாண்டி ஒளி வெளியே வரத் தாமதமானதால். ஓபராவின் முதல் கணக்கு சரியென்றால் நாலு வருஷம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும்!

இதைச் சொன்னால் கர்வமாம். இருக்கட்டும்.

ஓபராவைக் கட்டியதே வேகம் அளக்க இல்லை. மியூவான் வகை நியூட்ரினோ வழியில் டாவ் வகை நியூட்ரினோவாக மாறுகிறதா என்று பார்க்க. ஈயத் தகடும் துகளின் தடம் பதியும் எமல்ஷன் ஃபிலிமும் மாறி மாறி அடுக்கிய செங்கல், ஒவ்வொன்றும் 8.3 கிலோ, சுமார் ஒன்றரை லட்சம். டாவ் நியூட்ரினோ மோதினால் பிறக்கும் டாவ் துகள் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாமல் சிதையும். ஃபிலிமில் அந்தச் சின்ன வளைவைத் தேட வேண்டும். 2015 வரை கிடைத்தவை ஐந்து. நியூட்ரினோ இப்படி வகை மாறினால் அதற்கு நிறை இருந்தாக வேண்டும். எவ்வளவு என்பது இன்றும் பிடிபடவில்லை. மர்மம் வேண்டுமென்றால் அது அங்கே இருக்கிறது. அந்த ஐந்தை யாராவது ஷேர் செய்தீர்களா?