கடிதம் எழுதியவர் எங்கே கையெழுத்துப் போட்டார்?

வேலைக்குச் சேரும்போது நீட்டுகிற ஒப்பந்தத்தில் சம்பளத்தையும் நோட்டீஸ் காலத்தையும்தான் எல்லோரும் உற்றுப் பார்ப்போம். பின்பக்கங்களில் ஒரு ஷரத்து இருக்கும். நிறுவனத்தின் கணினி, மின்னஞ்சல் வழியாகப் போவது வருவது எல்லாவற்றையும் நிறுவனம் கண்காணிக்கலாம், திறந்து பார்க்கலாம், சேமித்து வைக்கலாம், தேவைப்பட்டால் வெளியாரிடம் கொடுக்கலாம், ஊழியர் இதில் அந்தரங்கத்தை எதிர்பார்க்கக் கூடாது. வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், சாரம் இதுதான். இலவச மெயில் கணக்கு தொடங்கும்போது படிக்காமலே டிக் அடிக்கிறோமே, அந்த நிபந்தனைகளிலும் இதற்கு ஒரு பங்காளி உட்கார்ந்திருப்பான்.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: "நீதானே கையெழுத்துப் போட்டே?" சரி, நான் போட்டேன். எனக்கு மெயில் எழுதுகிறவர் எங்கே போட்டார்?

என் கோபம் முழுக்க இந்த இடத்தில்தான். ஒரு கடிதத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒப்பந்தம் ஒருவரைத்தான் கட்டும். ஆனால் என் இன்பாக்ஸில் இருப்பதில் பெரும்பகுதி மற்றவர்கள் எழுதியது. விவாகரத்து வழக்கு பற்றி நண்பன் புலம்பியது, வேறு கம்பெனியில் வேலை தேடும் பழைய சக ஊழியர் தன் மேலாளரைப் பற்றிச் சொன்னது, எல்லாம் அதில் கிடக்கும். நான் போட்ட ஒரு கையெழுத்தால் அவர்கள் எல்லோருடைய உறையையும் பிரிக்க அனுமதி கிடைத்துவிடுகிறது.

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. விளம்பரம் காட்டுவதற்காக மெயில்களின் உள்ளடக்கத்தை இயந்திரம் வைத்து அலசுகிறது என்று கூகுள் மேல் அமெரிக்காவில் வழக்கு. வழக்குப் போட்டவர்களில் ஜிமெயில் கணக்கே இல்லாதவர்களும் உண்டு. ஜிமெயிலில் இருக்கும் யாருக்கோ எழுதியதைத் தவிர அவர்கள் வேறொன்றும் செய்யவில்லை. 2013இல் கூகுள் வைத்த வாதம் சுவாரசியமானது: அலுவலகத்தில் இருப்பவருக்குக் கடிதம் போடுகிறவர், அதை அவருடைய உதவியாளர் பிரித்துப் பார்த்தால் ஆச்சரியப்பட முடியுமா? ஐயா, அந்த உதவியாளர் கடிதம் பெறுபவரிடம் சம்பளம் வாங்குகிறவர். கடிதத்தைப் படித்துவிட்டு அதன் ஓரத்தில் யாரோ ஒரு கடைக்காரரின் நோட்டீஸை ஒட்டி உள்ளே அனுப்புகிறவர் இல்லை. வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை நீதிபதி லூசி கோ அந்த ஆண்டு செப்டம்பரில் பெரும்பாலும் ஏற்கவில்லை. கணக்கே இல்லாதவர்கள் இதற்குச் சம்மதித்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது என்றார். ஆனால் அடுத்த ஆண்டு, எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே வழக்காக நடத்த அவரே அனுமதிக்கவில்லை. யார் சம்மதித்தார், யார் சம்மதிக்கவில்லை என்பதை ஆள் ஆளாகப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது காரணம். விளம்பரத்துக்காக மெயிலை அலசுவதை நிறுத்துகிறோம் என்று கூகுள் அறிவித்தது 2017இல்.

குப்பை மெயிலை வடிகட்டவும் வைரஸ் பிடிக்கவும் இயந்திரம் உள்ளே எட்டிப் பார்க்கத்தான் வேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. மனிதர் உட்கார்ந்து படிப்பது வேறு கதை.

அதற்கும் உதாரணம் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் ரகசியங்களை ஒரு ஊழியர் வெளியே கசியவிட்டார். அதை வாங்கிய வலைப்பதிவரின் ஹாட்மெயில் கணக்கை (ஹாட்மெயிலும் மைக்ரோசாஃப்டின் சேவைதான்) நிறுவனமே திறந்து படித்தது. நடந்தது 2012இல், வெளியே தெரிந்தது 2014இல். வாரண்ட் எதுவும் இல்லை, நிபந்தனைகளில் இடம் இருந்தது, அவ்வளவுதான். கேட்டதற்கு, தன்னிடத்தைத் தானே சோதனை போடுவதற்கு நீதிமன்றம் யாருக்கும் உத்தரவு தராது என்ற தொனியில் பதில் வந்தது. அதாவது உன் கடிதங்கள் இருக்கும் இடம் அவர்களுடையது! எதிர்ப்பு கிளம்பியதும், இனி இப்படிச் சந்தேகம் வந்தால் காவல் துறையிடம் ஒப்படைத்துவிடுவோம் என்று மாற்றிக்கொண்டார்கள்.

தபால் பெட்டிக்கு இந்த விஷயத்தில் மரியாதை அதிகம். மூடிய உறையை வாரண்ட் இல்லாமல் அரசு பிரிக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1878லேயே சொன்னது. மின்னஞ்சலுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும் என்று அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல 2010 ஆயிற்று. அதிலும் ஒரு வால்: சேவை ஒப்பந்தம் மிக விரிவாக எழுதப்பட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாமலும் போகலாம். அரசியல் சட்டம் கொடுப்பதை, யாரும் படிக்காத ஒரு பத்தி பிடுங்கிக்கொள்ளலாம் என்றுதானே அர்த்தம்? ஒன்று சொல்லிவிட வேண்டும், காகிதத் தபாலுக்கும் ஓட்டை உண்டு. அலுவலக முகவரிக்கு உங்கள் பெயர் போட்டு வரும் கடிதத்தை அமெரிக்கத் தபால் துறை அந்த நிறுவனத்திடம்தான் கொடுக்கும். அங்கே அதைப் பிரிப்பது யார் என்பது நிறுவனத்தின் வழக்கத்தைப் பொறுத்தது.

எனக்கு மிகவும் உறைத்தது ருமேனிய வழக்கு. வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல யாஹூ மெசெஞ்சர் அரட்டைக் கணக்குத் தொடங்கச் சொல்லி ஒரு ஊழியரிடம் சொன்னதே நிறுவனம்தான். சொந்த வேலைக்குப் பயன்படுத்தினார் என்று 2007இல் அந்த ஊழியரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். அவர் மறுத்தபோது 45 பக்க உரையாடலை அச்செடுத்து முன்னால் வைத்தார்கள். அதில் சகோதரரோடும், கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணோடும் பேசிய அந்தரங்கமெல்லாம் இருந்தது. உள்ளூர் நீதிமன்றங்கள் நிறுவனத்தின் பக்கம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2016இல் அதே பக்கம். 2017 செப்டம்பரில் அதன் பெரிய அமர்வு 11க்கு 6 என்று தீர்ப்பை மாற்றியது. கண்காணிப்பு எந்த அளவுக்குப் போகும் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லவில்லை, உள்ளடக்கம் வரை படிக்க உண்மையிலேயே தேவை இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்தச் சகோதரரும் அந்தப் பெண்ணும் வழக்கில் கட்சிக்காரர்களே இல்லை. அவர்கள் பேசியதும் அந்த 45 பக்கத்தில்தான் இருந்தது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. ஒருவர் திடீரென்று மருத்துவமனையில் படுத்துவிட்டால் அவர் மெயிலில் சிக்கிய ஆர்டரை யாராவது எடுத்தாக வேண்டும். மோசடி நடந்தால் தோண்டித்தான் ஆக வேண்டும். அப்படியென்றால் ஷரத்தில் அதை எழுதுங்கள். யார் திறப்பார், எந்தக் காரணத்துக்கு, யாருடைய ஒப்புதலோடு, திறந்ததற்குப் பதிவேடு இருக்குமா? "தேவைப்படும்போது", "நியாயமான காரணங்களுக்காக" என்று எழுதினால் அதில் யானையே நுழையும்.

என் ஒப்பந்தத்தில் இதைச் சேர்க்கச் சொல்லி எச்ஆரிடம் கேட்டிருக்கிறேன். "எல்லோருக்கும் ஒரே டெம்ப்ளேட் சார், மாற்ற முடியாது" என்று பதில். அதுவாவது போகட்டும். ஆள் வேலையை விட்டுப் போன பிறகு அவருடைய மெயிலைச் சத்தமில்லாமல் மேலாளருக்குத் திருப்பிவிடுகிறார்களே, அதையாவது நிறுத்துங்கள். எழுதுகிறவருக்குத் தெரியாமலே வேறொருவர் மாதக்கணக்கில் படித்துக்கொண்டிருக்கிறார். "இவர் இப்போது இங்கே இல்லை, இந்த மெயிலை யாரும் படிக்க மாட்டார்கள், அலுவலக விஷயம் என்றால் இந்த முகவரிக்கு எழுதவும்" என்று ஒரு ஆட்டோ ரிப்ளை போதும். அதை வைக்க ஐடி ஆளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.