ரவுண்டானாவில் ஒரு செங்காந்தள்

எங்கள் ஊர் ரவுண்டானாவில் வைக்க இரும்பில் ஒரு பூச்சிலை கேட்டார்கள். தாமரை வேண்டாம், காட்டுப்பூ செய்கிறேன் என்று செங்காந்தளைச் சொன்னேன். மாநிலப் பூ என்றதும் மறுப்பே இல்லை. வம்பு அதற்கு அப்புறம்தான்.

அவர்கள் நினைத்தது பீடத்தின் மேல் ஒரு பெரிய பூ, சுற்றிலும் கலர் லைட். செங்காந்தள் அப்படித் தனியாக நிற்கிற சாதியே இல்லை, அது கொடி, இலை நுனியே சுருண்டு பக்கத்து வேலியைப் பற்றிக்கொண்டுதான் மேலே ஏறும். பூவும் வானம் பார்க்காது. தலை கவிழ்ந்து தொங்கி, ஆறு இதழ்களையும் பின்னால் மடக்கி மேலே தூக்கிக்கொள்ளும், மகரந்தக் கேசரங்கள் குடைக்கம்பி மாதிரி சுற்றிலும் நீட்டி நிற்கும். நிறமும் ஒன்றில்லை: முதலில் பச்சை, விரிய விரிய மஞ்சள், பிறகு நுனியிலிருந்து சிவந்து, வாடும் முன் முழுச் சிவப்பு. சங்கப் பாட்டில் இதைப் பெண்களின் விரலுக்கு உவமை சொன்னவர்கள் கிட்டப்போய்ப் பார்த்தவர்கள்தான், சந்தேகமே இல்லை.

அதனால் வேலியையும் சேர்த்தே வரைந்தேன், ஒரே கொடியில் எல்லாப் பருவத்துப் பூவும். வரைபடத்தைப் பார்த்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, “பூ ஏன் கவிழ்ந்திருக்கு? நிமிர்த்தி வையுங்களேன்.”

இன்னொருவர் போனில் அர்ஜென்டினாவின் ப்யூனஸ் அயர்ஸ் நகரத்து உலோகப் பூச்சிலையைக் காட்டினார். எதுவார்தோ கத்தலானோ என்கிற கட்டடக் கலைஞர் 2002இல் வைத்தது, 23 மீட்டர் உயரம், 18 டன், காலையில் விரிந்து மாலையில் குவியும்படி செய்தது. பிரமாதம்தான், ஆனால் அது எந்தச் செடியின் பூவும் இல்லை, எல்லாப் பூவுக்கும் பொதுவாக ஒன்று. பெயரே ‘ஃப்ளோராலிஸ் ஹெனெரிகா’, பொதுப் பூ என்கிற மாதிரி. 2023 டிசம்பர் புயலில் அதன் இதழ்கள் பிய்ந்து விழுந்ததையும் நான் சொன்னேன். அகலமான தகடு காற்றைப் பாய் மாதிரி வாங்கும். காந்தள் இதழோ குறுகல், இடையில் காற்று புகுந்து போய்விடும். கவிழ்ந்த பூவை நான் காப்பாற்றியது இந்தக் கணக்கை வைத்துத்தான், அழகைப் பேசியிருந்தால் தோற்றிருப்பேன்.

அஸ்திவாரம் தோண்ட ஜேசிபி வந்தது. ரவுண்டானாவில் தானாக முளைத்திருந்த தும்பை, நெருஞ்சி, பூத்துக் கிடந்த ஆவாரை எல்லாம் அரை மணி நேரத்தில் லாரியில் ஏறின. காட்டுப்பூவுக்குச் சிலை வைக்க! அந்த இடத்தில் இப்போது கொரியன் புல்லாம், தினமும் தண்ணீர் வண்டியாம். சிலையடியில் நிஜச் செங்காந்தளே வைக்கலாமே என்றேன், கிழங்கு விஷம், ஆடு மாடு கடிக்கும் என்றார்கள். அது நியாயம். சரி, பழையபடி ஆவாரையாவது வையுங்கள், தண்ணீரே கேட்காது என்றேன்.

“களை மாதிரி இருக்குமே சார்.”