சதுர ஜன்னல் மட்டும்தானா?
உலகின் முதல் ஜெட் பயணி விமானமான காமெட் விமானங்கள் வானில் நொறுங்கியதற்குச் சதுர ஜன்னல்களே காரணம் என்று இங்கே வந்த கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. 1954 ஜனவரியில் இத்தாலியின் எல்பா தீவருகே விழுந்த விமானத்தைக் கடலடியிலிருந்து எடுத்துப் பொருத்திப் பார்த்தபோது, முறிவு தொடங்கிய இடம் பயணி ஜன்னல் அல்ல. கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் ஓரம். நான் தகரப் பட்டறையில் வேலை பார்த்தவன்; தகட்டை வெட்டிய மூலையில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்தால், அடுத்தடுத்த அதிர்வில் அது தானே ஓடும் என்பது அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். தயாரிப்பாளர்கள் அதைச் சோதிக்காமலும் இல்லை. ஆனால் முதலில் மிகையழுத்தம் (வழக்கத்தைவிட அதிகக் காற்றழுத்தம்) கொடுத்த அதே உடற்பகுதியையே பிறகு, எத்தனை பறப்புகளுக்குத் தாங்கும் என்று பார்க்கும் ஆயுள் சோதனைக்கும் வைத்தார்கள். மிகையழுத்தத்தில் திறப்புகளின் மூலை உலோகம் சற்றே இழுபட்டு இறுகிவிட, அந்த உடற்பகுதி 16,000 முறைக்கு மேல் அழுத்தத்தைத் தாங்கியது. எல்பாவில் விழுந்ததோ 1,290 பறப்புகளிலேயே போய்விட்டது. எல்பாவில் நடந்ததுதான் காமெட்டின் முதல் விபத்து என்று கட்டுரையின் கீழே கருத்து எழுதிய நண்பருக்கு: 1953 மே 2 அன்று கல்கத்தாவில் கிளம்பிய காமெட் இடிமழையில் சிதறி 43 பேர் இறந்தார்கள். அப்போது பழி பெரும்பாலும் புயலின் மேல் போயிற்று.