கிபேராவின் குழாய்கள்

ஆப்பிரிக்க இளைஞர்களின் சமூகப் பணி பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, வெளிநாட்டுப் பயிற்சி, நிதியுதவி பற்றியே அதிகம் பேசுகிறது. கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேராவையும் அதில் சேர்த்திருக்கலாம். அந்தக் குடிசைப் பகுதியிலேயே வளர்ந்த கென்னடி ஒடேடே, 2004இல் ஒரு கால்பந்தை வைத்து அக்கம்பக்கத்து இளைஞர்களைத் திரட்டியதில்தான் ஷாஃப்கோ (Shining Hope for Communities) என்ற சமூகசேவை அமைப்பு பிறந்தது. அமெரிக்கக் கல்லூரிப் படிப்பெல்லாம் அப்புறம் வந்தது.

அவர்கள் போட்ட தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். கிபேராவில் குழாய்கள் சாக்கடையை ஒட்டித் தரையிலேயே கிடக்கும். விரிசல் விட்டால் கழிவுநீர் உள்ளே போகும்; தண்ணீர் விற்கும் கும்பல்கள் அறுத்தும் விடும். இவர்கள் கம்பம் நட்டு, ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் குழாயைக் கொண்டுபோனார்கள். தலைக்கு மேலே ஓடும் தண்ணீர், தெருவோரத் தண்ணீர் நிலையங்களில் இறங்குகிறது. அந்தச் சந்துகளில் தண்ணீர் சுமந்து அலைந்தவர்களுக்குத்தான் இந்த யோசனையின் அருமை தெரியும்.

2009இல் தொடங்கிய பெண்குழந்தைகள் பள்ளியிலும் அதே அக்கறை. கட்டணம் கிடையாது, பதிலாகப் பெற்றோர் வருடத்தில் ஐந்து வாரம் பள்ளிக்காக உழைக்கிறார்கள். தானம் வாங்கினோம் என்று யாரும் கூச வேண்டியதில்லை. நிதி தருகிறவர்கள் முடிவெடுக்கும் உரிமையையும் ஒடேடே போன்ற உள்ளூர்க்காரர்களிடமே விட வேண்டும். கட்டுரையாளர் அதைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.