பிரேக் ஆயில் ஊற்றினால் பின்பக்க பிரேக் சரியாகிவிடாது

"பழைய காரில் பின்பக்க டிஸ்க் பிரேக் பிடிக்கவில்லையா? ஆயிலை நிரப்புங்கள், போதும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை (வட்டத் தகடு) அழுத்திப் பிடிக்கும் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தானாக இறங்கும். நிரப்பினால் பிடிப்பு அதிகரிக்காது.

பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் (காலிப்பர் நகர உதவும் கம்பி) துருவேறி இறுகுவதுதான் அடிக்கடி காணும் காரணம். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். ஒற்றைப் பிஸ்டன் (உள்பக்கத்திலிருந்து மட்டும் தள்ளும்) காலிப்பரில் உள்பக்க பேட் தேய்ந்து வெளிப்பக்க பேட் தடிமனாக இருந்தால் ஸ்லைடு பின்னைச் சந்தேகியுங்கள்; அது கையால் தள்ளினாலே வழுக்க வேண்டும். டிஸ்க்கில் துரு வளையம் தெரிந்தால் அந்த இடத்தில் பேட் சரியாக உரசவில்லை. பேட், டிஸ்க் தடிமன் வரம்புகள் உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

தயவுசெய்து அந்தச் செய்தியை ஃபார்வர்டு செய்யாதீர்கள். ஆயிலை மட்டும் நிரப்பினால், தேய்ந்த பேடும் கசிவும் கண்ணில் படாமலே போகும்.