குரலை முதலில் பதியுங்கள், படத்தைப் பிறகு வரையுங்கள்

மலேசியத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம் "காட்டு மிருகங்கள் பேசுற காமெடிப் படம் ஒன்னு வரைங்க" என்று சொல்லிப் பாருங்கள். ரக்கூன் வரும், பீவர் வரும், சிவப்பு இலை உதிர்க்கும் மேப்பிள் மரம் வரும். தொலைக்காட்சியில் பார்த்தது அதுதான், பிள்ளைகள் மேல் குறையில்லை. ஆனால் பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம், செம்பனைக்குள் (எண்ணெய்ப்பனை) மூசாங் என்ற மரநாய் இருக்கிறது, உடும்பு இருக்கிறது, மட்டையில் குந்தியிருக்கும் குரங்குக் கூட்டம் இருக்கிறது. இந்த நாட்டின் முதல் அனிமேஷன் குறும்படமே காட்டு விலங்குகள் பேசும் கதைதான்: அரசுத் திரைப்பட நிறுவனமான ஃபிலெம் நெகாராவில் ஆனந்தம் சேவியர் உருவாக்கி 1983-இல் வெளிவந்த 'ஹிகாயாட் சாங் கன்சில்' (கன்சில் என்றால் சருகுமான்). சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் மாதிரி தோட்டப் பட்டணங்களில் நம் பிள்ளைகள் தோட்டத் தமிழிலேயே ஒரு 3 நிமிடப் படம் செய்துவிடலாம். ஒரு கைப்பேசியும் பழைய மடிக்கணினியும் போதும். செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கும் இளைஞர்களுக்கும் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: குரலை முதலில் பதியுங்கள்.

படம் முடிந்த பிறகு குரல் கொடுத்தால், ஏற்கெனவே அசைந்துவிட்ட வாய்க்குள் வசனத்தை அடைக்க வேண்டிவரும். பிள்ளைகள் அவசரப்படுவார்கள், சிரிப்பு வரவேண்டிய இடத்தில் மூச்சு வாங்குவார்கள். குரல் முதலில் இருந்தால் அந்தப் பிள்ளை எங்கே இழுத்தது, எங்கே திக்கியது, எங்கே பொய்யாக இருமியது என்பதைக் கேட்டுத்தான் வரைகிறவர் வரைவார். கண் சிமிட்டும் இடம்கூட அதிலேயே கிடைக்கும்.

அதற்கும் முன்னால், யார் பேசப் போகிறார்கள்? நகைச்சுவையை விலங்கின் உண்மையான குணத்திலிருந்து எடுங்கள். மூசாங் மேல், நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றில் போடும் பாண்டான் இலை வாசம் அடிக்கும். அதனால் கண்ணாமூச்சி விளையாட்டில் அது எங்கே ஒளிந்தாலும் "யாரு வீட்டுல நாசி லெமாக் ஆக்குறாங்க?" என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வந்துவிடுவார்கள். குரங்குக்குக் கன்னத்தில் பை உண்டு, திருடியதை அதில் அடக்கிக்கொண்டே "நான் எடுக்கல" என்று சத்தியம் பண்ணும். அந்தக் குரலுக்காகப் பிள்ளையின் வாயில் எதையும் திணிக்காதீர்கள், நாக்கைக் கன்னத்துப் பக்கம் தள்ளிப் பேசினாலே கிடைத்துவிடும். எலி பிடிக்கத் தோட்டத்தில் பெட்டி வைத்து வளர்க்கிறார்களே கூகை, அதை மண்டோராக, அதாவது தோட்டத்துக் கங்காணியாக வையுங்கள். எல்லோருக்கும் தூக்கம் வரும் நேரத்தில் அது பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, கூப்பிடும். அந்தக் கூகை கிறீச்சிடுமே தவிர 'ஊ ஊ' என்று கூவாது, குரல் கொடுப்பவர் அதைக் கேட்டுப் பழகட்டும். கன்சிலுக்குக் கொம்பு வரையாதீர்கள், அதற்குக் கொம்பே கிடையாது. ஆணுக்குச் சின்னக் கோரைப்பல் உண்டு. இலை உதிரும் காட்சி வேண்டுமா? ரப்பர் மரம் ஆண்டுத் தொடக்கத்து வெயிலில் சிவந்து உதிர்க்கும், அதை வரையுங்கள்.

வசனம் எழுதும்போது ஒரு நோய் வரும். "நண்பா, நாம் பெரும் ஆபத்தில் சிக்கிக்கொண்டோம்" என்று எழுதுகிற அதே பிள்ளை, திடலில் "டேய் ஓடுடா, மண்டோர் வர்றாரு லா!" என்று கத்தும். அந்த இரண்டாவதுதான் வேண்டும். தாளைக் கையில் கொடுத்து வாசிக்க வைத்தால் முதலாவதுதான் வரும். காட்சியைச் சொல்லிக்கொடுத்து, நிற்க வைத்து, இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே பேச விடுங்கள். ஒருவர் பேச்சில் ஒருவர் விழுவது அழகு. ஆனால் வெட்டி ஒட்டும்போது பிரிக்க முடியாது, ஆகவே அதே வசனங்களைத் தனித்தனியாகவும் ஒருமுறை பதிந்து வையுங்கள்.

பதியும் இடம் வெறும் வகுப்பறையாக இருக்கக் கூடாது, சிமெண்ட் சுவர் எதிரொலிக்கும். விளையாட்டு மெத்தை அடுக்கிய சாமான் அறை நல்லது. பேசுகிறவரின் முதுகுப்பக்கமும் இரு பக்கமும் தடித்த போர்வை தொங்கவிடுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள், அதன் இரைச்சலைப் பிறகு எடுக்கப் போனால் குரலும் தண்ணீருக்குள் பேசுவது போலாகிவிடும். ஜிங்க் கூரைமேல் மழை விழுந்தால் அன்றைய வேலை போச்சு. நம் பக்கம் மழை பெரும்பாலும் பிற்பகலில் பிடிக்கும், காலையிலேயே முடித்துவிடுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் 'ப' வரும்போதெல்லாம் காற்று முட்டும். பதியும் செயலியின் ஒலி அளவுகோலில் உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள், உடைந்த ஒலியைச் சரிசெய்ய வழியில்லை. கடைசியில் யாரும் பேசாத அறையை 30 வினாடி பதியுங்கள். வசனங்களுக்கு நடுவே ஒட்ட அது உதவும். பதிந்ததை வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினால் சுருங்கிவிடும், வேவ் (WAV) என்ற சுருக்காத ஒலிக்கோப்பாகவே இணைத்து அனுப்புங்கள்.

குரலை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அடுக்கி, பிறகு ஒரு காணொளித் தொகுப்பு மென்பொருளில் அந்த ஒலிக்கு மேலே பென்சில் கிறுக்கல் படங்களை வைத்து ஓட்டிப் பாருங்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர்கள் நெளியும் இடத்தை இரக்கமில்லாமல் வெட்டுங்கள். சிரித்த இடத்துக்குப் பின் ஒரு வினாடி இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும்.

இனிதான் ஓவியம். வினாடிக்கு 24 பிரேம் (படச் சட்டம்), ஒரு படம் 2 பிரேமுக்கு நின்றாலும் 3 நிமிடத்துக்கு 2,160 படங்கள். பள்ளிக்குழு அவ்வளவு வரைய முடியாது. தலை, உடல், வால், காதுகள், நான்கு காலுக்கும் தலா 2 துண்டு என்று ஒரு விலங்கைச் சுமார் 15 துண்டாக வரைந்து அசையுங்கள். ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் இரண்டும் இலவசம். மூட்டு முனைகளை வட்டமாக வரைந்து ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிவிடுங்கள், நேராக வெட்டினால் முட்டி மடங்கும்போது இடைவெளி தெரியும். வாய்க்கு 7 வடிவம் போதும். 'ப', 'ம' இரண்டுக்கும் உதடு 2 பிரேமாவது மூடியிருக்க வேண்டும். அதுவும் ஒலிக்கு ஒரு பிரேம் முன்னதாகவே மூடட்டும். பார்க்கிற பிள்ளைக்குக் காரணம் தெரியாது, ஆனால் உதடு மூடாவிட்டால் 'இது பேசல' என்று உடனே சொல்லிவிடும்.

தோட்ட மண்டபத்தில் திரையிடும்போது ஒலியை மோனோவாக, அதாவது எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருமாறு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால், இரண்டு ஸ்பீக்கர் இரண்டு மூலையில் இருக்கும்போது, ஓரத்தில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குப் பாதி வசனம்தான் கேட்கும்.